அம்மா சேர்த்துவைத்த மூன்றரை லட்சம்

போன ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஏதோ ஒரு படிவத்தில் நிரப்ப அப்பாவின் ஓய்வூதிய ஆணை (பிபிஓ) எண் வேண்டியிருந்தது. "பீரோவுல மஞ்சப்பைக்குள்ள இருக்கும், எடுத்துக்க" என்றார். பைக்குள் பென்ஷன் புத்தகம், வங்கிப் பாஸ்புக், வீட்டு வரி ரசீதுகள், பிளாஸ்டிக் உறையில் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு அட்டை. அட்டையை உருவியபோது அதன் பின்னாலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்று விழுந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள். 2022 நவம்பர் மாதத்தது. பின்பக்கத்தில் பென்சிலால் அம்மாவின் கையெழுத்து.

5,00,000. அதற்குக் கீழே 1,58,000. கோடு. கோட்டுக்குக் கீழே 3,42,000. அதற்கும் கீழே, அடிக்கோடிட்டு ஒரே ஒரு சொல்: அவருக்கு.

அந்தத் தாளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர என்னால் முடியவில்லை. இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு அடைப்பு, ஒரு ஸ்டென்ட். அட்டையைக் காட்டினோம். முன் அனுமதி வர அரை நாள் ஆனது, வந்தது. காப்பீட்டிலிருந்து போனது 1,58,000 ரூபாய். அதற்கு மேலும் மருந்து, உபகரணம் என்று சொல்லி மருத்துவமனையில் எங்களிடம் தனியாகப் பணம் வாங்கினார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அப்பா ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தார், அது போதும் என்றிருந்தது. அம்மா அந்த வாரமே உட்கார்ந்து கழித்தல் கணக்குப் போட்டிருக்கிறார். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்பா ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து 2011-இல் ஓய்வுபெற்றவர். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கான காப்பீட்டுத் திட்டம் 2014 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. நான்கு நான்கு ஆண்டுகளாக அதைப் புதுப்பிக்கிறார்கள். 2018-இல் புதுப்பித்தபோது தொகை 4 லட்சம், மாதப் பிடித்தம் 350 ரூபாய். இப்போது ஓடுவது 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான நான்காண்டு. தொகை 5 லட்சம், பிடித்தம் 497 ரூபாய். குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை உண்டு. ஓய்வூதியர், அவருடைய கணவர் அல்லது மனைவி, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. ஆளுக்கு ஐந்து லட்சம் கிடையாது. வருஷத்துக்கு ஐந்து லட்சமும் கிடையாது. நான்கு வருஷத்துக்கு, இரண்டு உடம்புக்கு, ஐந்து லட்சம்.

நான் விசாரித்த அளவில் இந்த ஒரு வரியைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிற வீடுகள் குறைவு. பாதிப் பேர் வருஷத்துக்கு ஐந்து லட்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். அதுதான் சங்கடம். எட்டாவது வரை படித்த அம்மா, அந்தத் தொகை இரண்டு பேருக்கும் பொது என்று தெரிந்துகொண்டு, தன் பங்கை அப்படியே அப்பாவின் பக்கம் தள்ளிவைத்துவிட்டார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் "அது கிடக்கு" என்பார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏழெட்டு வருஷம் இருக்கும். தரையில் உட்கார்ந்து அரிசி களைவது நின்று, பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு வந்தது. தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போவது நின்றது. அங்கே மூன்றே படிதான். சுவரைப் பிடித்துக்கொண்டே அடுக்களைக்கும் கொல்லைக்கும் போய் வந்ததில், கூடத்துச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கோடு மாதிரி எண்ணெய்க்கறை படிந்திருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தும் இரண்டே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இதையெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்தோம். வயதாகிவிட்டது என்று கடந்துபோனோம்.

இன்னொன்று எனக்குத் தெரியாமலே இருந்தது. எங்கள் வீட்டுக் கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, குந்தி உட்காரும் பழைய வகை. அம்மா ராத்திரியில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வாய் கூடக் கிடையாது. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். தண்ணீர் குடித்தால் எழுந்து போகவேண்டும், போனால் குந்தவேண்டும், குந்தினால் எழ முடியாது. இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தாளைக் காட்டிக் கேட்டேன். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளைப் பார்த்தார், கை நிற்கவில்லை.

"உங்கப்பாவுக்கு இன்னொரு தடவ வந்துட்டா என்ன பண்றது? அதுக்குத்தான்."

"காலுக்கும் இதுல பாக்கலாம்மா. முட்டி மாத்துறதும் இதுல வருது."

"எனக்கென்ன, நடந்துட்டுத்தானே இருக்கேன். உசுருக்கா ஆபத்து? அவருக்கு நெஞ்சு. முட்டிக்குச் செலவு பண்ணிட்டு நெஞ்சுக்கு இல்லாமப் போனா ஊரு என்ன சொல்லும்?"

கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்: "அவரு பென்ஷன்லதானே மாசாமாசம் பிடிக்கிறாங்க. அவரு காசுடி அது."

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. 497 ரூபாயை 48 மாதத்தால் பெருக்கினேன். 23,856 ரூபாய். அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து போகிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஓய்வூதியத்துக்குப் பின்னால் இருக்கும் முப்பத்து மூன்று வருஷ வேலையில், காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ஏழரை பஸ்ஸுக்கு டிபன் கேரியர் கட்டிக் கொடுத்தது யார்? பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு மாற்றலாகிப் போனபோதெல்லாம் சட்டி பானையோடு கூடவே போனது யார்? அரசாங்கமே அட்டையில் அம்மாவின் பெயரையும் போட்டிருக்கிறது. பிடித்தம் ஒரு ஓய்வூதியத்தில் என்றாலும் பாதுகாப்பு இருவருக்கும் என்று விதி சொல்கிறது. அம்மாவின் மனதில் மட்டும் அது ஒருவருக்கு.

என் அம்மா தனி மனுஷியில்லை. இதைப் பற்றி என் தோழிகளிடம் பேசிப் பார்த்தேன். ஒருத்தியின் மாமியார் கண்புரைக்குப் போகாமல் இரண்டு வருஷம் தள்ளியிருக்கிறார், மாமனாருக்கு டயாலிசிஸ் வரும் என்று யாரோ சொன்னதால். இன்னொருத்தியின் அம்மா கர்ப்பப்பை இறங்கியதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. பங்கு போடச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களாகவே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சோற்றைக் கடைசியில் போட்டுக்கொள்கிற பழக்கம்தான் இதிலும். ஆண்பிள்ளையின் நோய் அவசரம், பெண்பிள்ளையின் நோய் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. பொதுத்தொகை என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் அதுவும் அந்த ஏற்பாட்டின் வழியில்தான் போகும்.

அம்மா கணக்கில் ஒரு பிழையும் இருந்தது. அதை அவர் புரிந்துகொண்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது. அவர் அந்த 3,42,000 ரூபாயை நகைச்சீட்டு மாதிரி, வங்கியில் போட்ட பணம் மாதிரி நினைத்திருந்தார். செலவழிக்காமல் வைத்திருந்தால் அங்கேயே இருக்கும், அப்பாவுக்கு வேண்டிய நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று. இந்தத் தொகை அப்படி இருக்காது. 2026 ஜூன் 30-ஆம் தேதி இந்த நான்காண்டு முடியும்போது மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அதோடு சரி. அடுத்த கட்டத்துக்கு அது போய்ச் சேராது. அம்மா மூன்று வருஷமாக வலியைப் பொறுத்துக்கொண்டு சேர்த்துவைத்தது, அந்தத் தேதியில் யாருக்கும் உதவாமல் இல்லாமல் போயிருக்கும்.

இதைச் சொன்னபோது முதல்முறையாகக் கீரையைக் கீழே வைத்தார். "நெஜமாவா?" என்றார்.

அப்பா திண்ணையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் கணக்கைத் திருத்தியவர், அந்த நான்கு வரியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் செல்போனில் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலைத் தேடச் சொன்னார். எந்த மருத்துவமனையில் எந்த சிகிச்சைக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பட்டியலில் ஒரு மருத்துவமனையின் பெயர் இருப்பதால் மட்டும் எல்லா சிகிச்சையும் அங்கே உண்டு என்று ஆகிவிடாது. எலும்பு மூட்டுக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பார்த்தார்.

ஆவணி கடைசியில் இடது முழங்கால் அறுவை ஆனது. காப்பீட்டிலிருந்து 1,35,000. மிச்சம் 2,07,000 இருக்கிறது. அப்பாவின் நெஞ்சுக்கு ஏதாவது வந்தால் அது கைகொடுக்கும், வராவிட்டால் அம்மாவின் வலது காலுக்கு. நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: யாருக்கு எவ்வளவு என்று இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மனசுக்குள் மட்டும் போட்டுவைத்த கணக்காக அது இப்போது இல்லை. ஐந்தாம் வாரம் அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் முழுசாகக் குடித்தார். கொல்லைக் கழிப்பறையில் உட்காரும் பீங்கானும் போட்டாயிற்று. அதற்குக் காப்பீடு இல்லை, 9,000 ரூபாய் ஆனது. பத்து வருஷத்துக்கு முன்பே போட்டிருக்கவேண்டியது.

அம்மாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது, அறுவைக்கு முந்தின நாள்தான் சொன்னார். அப்பா போய்விட்டால் இந்த அட்டையும் போய்விடும், பிறகு தனக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்திருக்கிறார். அப்படி இல்லை. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களும் இந்தத் திட்டத்தில் உண்டு. குடும்ப ஓய்வூதியத்திலிருந்து பிடித்தம் தொடரும், பாதுகாப்பும் தொடரும். இதை எந்த மகனும் மகளும் அம்மாவிடம் எடுத்துச் சொல்லத் தயங்குவார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது இந்தப் பேச்சு எதற்கு என்று தோன்றும். சொல்லுங்கள். அந்தப் பயத்தில்தான் பல பேர் வாயைத் திறப்பதில்லை.

ஓய்வூதியம் இல்லாத வீடுகளில் கதை கொஞ்சம் வேறு. எங்கள் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2012 ஜனவரியில் வந்த திட்டம். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். இதில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். இதுவும் பொதுத்தொகைதான், ஆனால் வருஷாவருஷம் புதிதாகத் தொடங்குவதால் இறுக்கம் குறைவு. பெரியப்பாவுக்கு இந்த வருஷம், பெரியம்மாவுக்கு அடுத்த வருஷம் என்று அவசரமில்லாத சிகிச்சைகளைப் பிரித்துக்கொள்ள முடியும். ஒன்றைக் கவனியுங்கள்: யார் யாருக்குப் பாதுகாப்பு என்பதை ரேஷன் கார்டில் உள்ள பெயர்களை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மகன் வீட்டு கார்டில் அப்பா, மகள் வீட்டு கார்டில் அம்மா என்று வயதான காலத்தில் பெயரைப் பிரித்துச் சேர்த்துவைக்கிற வீடுகள் உண்டு. ஆளுக்கொரு பக்கம் என்று ஆனபின் ஒருவர் மட்டும் அட்டைக்கு வெளியே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் கேட்கலாம், கட்டணம் கிடையாது.

எழுபது வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் கொடுக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29-இல் வந்தது. அதற்காகப் பெரியப்பா இ-சேவை மையத்துக்குப் போனபோது கூடப் போனேன். பெரியப்பாவுக்கு எழுபத்தாறு, பதிவு செய்தாயிற்று. பெரியம்மாவுக்கு நிஜத்தில் எழுபத்து மூன்றாவது இருக்கும். பெரிய அத்தையைவிட ஒரு வயது மூத்தவர், அத்தைக்கே எழுபத்திரண்டு. ஆனால் ஆதாரில் அறுபத்தொன்பது. பிறந்த தேதி ஜனவரி 1. ஆதார் எடுக்க வந்த காலத்தில் வயது கேட்டிருக்கிறார்கள், பெரியம்மா தோராயமாகச் சொல்லியிருக்கிறார், அவர்களும் வருஷத்தைக் கணித்து ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். நம் ஊர்க் கிழவிகள் எத்தனை பேருக்கு ஜனவரி 1 பிறந்தநாள் என்று பாருங்கள். இந்தத் திட்டத்தில் வயதுக்கு ஆதார்தான் ஆதாரம். பள்ளிச் சான்றிதழ் பெரியப்பாவிடம் இருந்தது, பெரியம்மாவிடம் இல்லை. அந்த வேற்றுமை இவ்வளவு காலம் கழித்து இங்கே வந்து நிற்கிறது.

இந்தத் திட்டத்தின் விதியை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்ளவேண்டும். வயதை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். தொகையை மட்டும் குடும்பத்துக்கு ஒன்றாகப் பார்க்கிறார்கள். கணவர் மனைவி இருவருக்கும் எழுபது ஆகியிருந்தால் இருவருக்கும் அட்டை உண்டு, வருஷத்துக்கு 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளவேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுபது என்றால் அவருக்கு மட்டும்தான். நம் பக்கத்தில் அந்தத் தலைமுறையில் கணவருக்கும் மனைவிக்கும் ஐந்தாறு வயது வித்தியாசம் சாதாரணம். ஆகவே பல வீடுகளில் இன்னும் சில வருஷத்துக்கு இது அப்பாவின் அட்டையாக மட்டுமே இருக்கும். ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் உள்ள குடும்பம் என்றால் எழுபது கடந்தவர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் கிடைக்கிறது. அதை இளையவர்களோடு பங்கிடவேண்டாம். அந்த வீடுகளில் அப்பாவின் செலவு இந்தப் புதிய தொகையில் போய்விட்டால், பழைய குடும்பத்தொகை அம்மாவுக்காக மிஞ்சும். அந்த வகையில் இது எழுபது ஆகாத அம்மாக்களுக்கும் உதவிதான்.

அரசின் வேறு காப்பீட்டில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களின் சிஜிஹெச்எஸ், முன்னாள் ராணுவத்தினரின் ஈசிஹெச்எஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. தனியார் காப்பீடு, ஈஎஸ்ஐ உள்ளவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் "வருஷத்துக்கு அஞ்சு லட்சம் சார், நாலு வருஷத்துக்கு அஞ்சு லட்சத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று மாறிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவர் மனைவிக்கு அறுபத்து நான்கு. அப்பா அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க மாறிக்கிட்டா அவங்க எங்க இருப்பாங்க?" அவரிடம் பதில் இல்லை. கருவூலத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்.

பொதுத்தொகையைத் தொடாமலே கிடைப்பவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரியம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்ததே தெருவுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் பெண் அளந்து பார்த்தபோதுதான். பெரியப்பாவுக்கு மாத்திரை கொடுக்க வந்தவர், "நீங்களும் கைய நீட்டுங்க பாட்டி" என்றிருக்கிறார். அதற்கு முன்னால் பெரியம்மாவின் கையில் யாரும் அந்தப் பட்டையைக் கட்டிப் பார்த்ததே இல்லை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜூலையில் அடுத்த கட்டம் தொடங்கும்போது, மொத்தத் தொகையில் ஒரு பகுதியைத் துணைவருக்கென்று ஒதுக்கிவையுங்கள். ஓய்வூதியர் விரும்பினாலும் தொடமுடியாததாக அது இருக்கட்டும். கண்புரை, மூட்டு, கர்ப்பப்பை போன்றவற்றுக்கு அது போதும். அவள் பெயரில் தனியாக ஒரு தொகை இருந்தால் அவள் போவாள். அவருடைய தொகையிலிருந்து எடுக்கவேண்டும் என்றால் போகமாட்டாள். இதை என் வீட்டில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: உங்கள் வீட்டு அட்டையை எடுத்து இரண்டு பெயரும் சரியாக இருக்கிறதா, பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வூதியர் வீடு என்றால் மிச்சத்தொகை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜூன் 30-க்கு முன்னால் அம்மாவைத் தனியாக உட்காரவைத்து எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அப்பா எதிரில் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்.

அம்மாவின் வலது முழங்காலுக்கு மாசி மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்பாதான் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார்.